ஊர் வாய்க்கு ஒரு விலை

"இருபத்திரண்டு வயசுக்கு இது போதும், யாமினி." மெல்பர்ன் பெண்கள் கூடைப்பந்து அணியின் மேனேஜர் வாசுதேவன் ஒப்பந்தத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"போன சீசன்ல அதிக பாயிண்ட் எடுத்தது நான், சார். எனக்கு அடுத்தவளுக்கு இதைவிட ரெண்டு மடங்கு கொடுக்கறீங்க!"

"உனக்கு அள்ளிக் கொடுத்தா பாயிண்ட் குக் ஏரியாவுல இருக்கற நம்ம ஜனங்க முழுக்க என்னைத்தான் பேசும்."

"ஊர் வாய்க்குப் பயந்து என் சம்பளத்தை வெட்டுவீங்களா? பழைய ஒப்பந்தம் முடிஞ்சாச்சு. நான் எந்த டீமுக்கும் போகலாம். காலையிலேயே சிட்னி டீமுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

வாசுதேவன் அதிர்ந்தார். "அப்புறம் இங்க எதுக்கு வந்தே?"

"உங்க கண்ணுல நான் எவ்வளவு பெறுவேன்னு பார்க்கத்தான்." எழுந்து கையை நீட்டினாள். "சிட்னிக்குப் பெரிய பெட்டியா வாங்கணும். கார் சாவியைக் கொடுங்க, அப்பா!"