கையைப் படம் எடுத்துப் போடு

மனிசாலெஸ் நகரக் காபிக்கடையின் இணையதளத்தைப் புதிதாக்க வந்த மரீட்சா, "அதுல என்ன வேணும்?" என்று வாடிக்கையாளர்களைக் கேட்டாள்.

"கையைப் படம் எடுத்துப் போடும்மா," என்றார் லாரிக்கார எவேலியோ.

"விலை, நேரம்லாம் வேணாமா?"

"அதான் பலகையில இருக்கே! கை படம் போடு."

பக்கத்து மேசை ரொசால்பாவும் தலையாட்டினாள். "சர்க்கரை கம்மியா கேக்கக் கத்துக்கிட்டேன். பிரமாதம்னு சொல்லத்தான் தெரியல."

வேடிக்கையான சனங்கள் என்று நினைத்தபடி மரீட்சா எழுந்துபோய்க் காபி கேட்டாள். காபி போடும் நிடியா திரும்பவே இல்லை.

"அவளுக்குக் காது கேக்காதும்மா." எவேலியோ எழுந்துவந்து மேடையைத் தட்டினார், அந்த அதிர்வில் அவள் திரும்பியதும் 'ஒரு காபி' என்று விரல்களை மடக்கி விரித்துச் சைகை காட்டினார். கோப்பை வந்தது.

மரீட்சா ஒரு வாய் குடித்தாள். அப்படியொரு காபி! நிடியாவைப் பாராட்ட வாயெடுத்தவள், வாயை மூடிக்கொண்டு தன் கைகளைப் பார்த்தாள்.

எவேலியோ சிரித்தார். "இப்பச் சொல்லு, உனக்கு என்ன வேணும்?"

"கை படம். முதல் பக்கத்துலயே!"