வெள்ளிக்கிழமைப் படகு

"ஜாபிர் அண்ணே, படகைத் திருப்புங்க! அக்காவுக்குப் பிரசவ வலி, ரத்தம் நிக்கலையாம்!" போனை வைத்ததும் கத்தினேன். எங்கள் தீவில் வேறு விசைப்படகு இல்லை. ஆஸ்பத்திரியோ பக்கத்துத் தீவில்.

முக்குளிக்க நான் கூட்டிவந்தவர்களில், தலைநகர் மாலேயிலிருந்து வேலைக்குப் புதிதாக வந்திருந்த தொப்பிக்காரர் எரிந்து விழுந்தார். "இருக்கிறது ஒரு வெள்ளிக்கிழமை லீவு. கொம்புத் திருக்கையைப் பார்க்காம திரும்புறதா? பிரசவம்னா ரத்தம் வரத்தான் செய்யும்."

"நீங்க எத்தனை பெத்தீங்க?"

ஜாபிர் அண்ணன் படகைத் திருப்பினார். அக்காவை ஏற்றினோம். என் மடியில் கிடந்தவளின் கை சில்லிட்டுக்கொண்டே வந்தது. தொப்பிக்காரர் கடைசிவரை கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரித் தீவின் படகுத்துறையில் தள்ளுவண்டியோடு பதறி நின்ற நர்ஸுக்கு, தொப்பிக்காரரைக் கண்டதும் உயிர் வந்தது.

"டாக்டர்! லீவுன்னு போனீங்களேன்னு தவிச்சுட்டு நின்னேன். நல்லவேளை, வழியெல்லாம் நீங்களே பார்த்துக் கூட்டிட்டு வந்துட்டீங்க!"