பதிமூன்றாம் எண் பேட்ஜ்

“இந்த வருஷமும் ஜெபகுமார்தானா சார்?”

கண்ணப்பன் கேட்டதும் விஜயராகவன் நிமிர்ந்தார். ஸ்ரீபெரும்புதூரில் அந்தச் சின்ன நிறுவனத்துக்குக் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி அவர். சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் குழாய் வெல்டிங்கைக் கதிர் பாய்ச்சிப் படமெடுத்துச் சோதிப்பது அவர்களுடைய அன்றாட வேலை. வருஷத்தில் ஏழெட்டு மாதம் மட்டும், வடக்கே அணுமின் நிலையங்களின் பராமரிப்புப் பணிக்கு இங்கிருந்து ஒரு டெக்னீஷியன் போவான். இரட்டைச் சம்பளம்.

“அவனுக்கு அனுபவம் இருக்குப்பா. உடம்புல ஏறுற கதிர் டோஸும் எப்பவும் கம்மி. அவனால முடியாமப் போனா நீதான்.”

கண்ணப்பன் வெளியே வந்தான். ஆறு வருஷமாக ஜெபகுமாருக்கு எதுவும் முடியாமல் போனதில்லை.

பிள்ளைப்பாக்கத்தில் இருவர் வீட்டுக்கும் ஒரே சுவர். போன வருஷம் அந்தப் பக்கம் டிவி வந்தது. இந்த வருஷம் ஃப்ரிட்ஜ்.

“கேளுய்யா, ஓடுது பாரு. தண்ணிய வச்சா கல்லாட்டம் ஆயிடுதாம்” என்று கண்ணப்பனின் மனைவி ரத்னா சுவரில் காதை வைத்துச் சொன்னாள்.

“நீ சோத்தைப் போடு.”

ஜெபகுமார் ஊரில் இருக்கும் நாட்களிலும் சும்மா இருப்பதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் கண்ணப்பன், சோதனை நடக்கும் இடத்துக்குள் ஆள் வராமலிருக்கக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான். “இன்னாபா, ஷாரோன் இன்னிக்கு இன்னா பேசிக்கினு வந்தா?”

ஷாரோன் அவன் மகள், ஆறு வயது. கண்ணப்பன் தினமும் தன் மகள் வினோதினியோடு அவளையும் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவான்.

“இன்னா பேசுவா? எங்கூட்ல ஃப்ரிட்ஜ் கீதுன்னா.”

பெரிய மனுஷன், ஓசியில் டிரைவர் வைத்த மாதிரி விசாரிக்கிறான் என்று கண்ணப்பனுக்கு உள்ளே எரிந்தது.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, ஜெபகுமார் லீவு. அவனுடைய பேட்ஜ் அலுவலகத்து ஆணியில் தொங்கியது. எண் பதிமூன்று. பேட்ஜ் என்றால் தீப்பெட்டி அளவு உறை, உள்ளே ஒரு துண்டு பிலிம். போட்டவன் மேல் எவ்வளவு கதிர் பட்டதோ, அவ்வளவு கறுக்கும். மாதக் கடைசியில் கழுவிப் பார்ப்பார்கள். அளவு மிஞ்சியிருந்தால் அந்த ஆளை அந்த வருஷம் கதிர் பக்கமே விடமாட்டார்கள்.

கண்ணப்பன் அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். மதியம் சோதிக்க வேண்டிய குழாயின் அடியில் செருகி வைத்தான். தள்ளிப் போய்க் கதிர்ப்பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினான். கேபிள் நுனியில் இருந்த கதிர்மூலம், அதாவது கதிரை வீசும் சின்ன உலோகத் துண்டு, பெட்டியிலிருந்து வெளியே போய், வேலையை முடித்துத் திரும்பியது. சாயங்காலம் பேட்ஜ் பழையபடி ஆணியில் தொங்கியது.

மூன்று வாரம் கழித்து விஜயராகவன் இருவரையும் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு விளக்குப் பெட்டி, அதன்மேல் கறுத்துப்போன பிலிம்.

“ஜெபகுமார், இவ்வளவு டோஸ் உன் உடம்புல ஏறியிருந்தா ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சிருக்கும். உனக்கு ஒண்ணுமே இல்ல. அதான் பிலிமை நானே வாங்கிப் பார்த்தேன்.” அவருக்கு விளக்கிச் சொல்வதென்றால் கோபம்கூடப் பின்னால் போய்விடும். “உறைக்குள்ள சின்னச் சின்ன உலோகத் தகடு இருக்குல்ல? அதோட நிழல் பிலிம்ல விழும். நெஞ்சுல மாட்டினவன் நடப்பான், குனிவான், திரும்புவான். அதனால நிழலோட ஓரம் கலங்கித்தான் இருக்கும். இதைப் பாரு.”

நிழலின் ஓரம் பிளேடால் வெட்டியது போல இருந்தது.

“இந்த பேட்ஜை யாரும் போட்டிருக்கல. எங்கயோ ஆடாம அசையாம வச்சு எரிச்சிருக்காங்க.”

கண்ணப்பன் பிலிமிலிருந்து கண்ணை எடுத்தான்.

“இன்னொண்ணு” என்று பென்சிலால் தொட்டுக் காட்டினார். “நிழல் ஒண்ணில்ல, ரெண்டு. கொஞ்சம் தள்ளி, வேற கோணத்துல. ரெண்டு தடவை வச்சிருக்காங்க.”

ரெண்டா? நான் ஒரு தடவைதானே என்று வாய்வரை வந்ததைக் கண்ணப்பன் விழுங்கினான்.

“யார் வச்சதுன்னு பிலிம் சொல்லாது. விசாரணை முடியறவரைக்கும் ஜெபகுமார் கதிர் வேலைக்குப் போகக்கூடாது, ஆபீஸ்ல ரெஜிஸ்டர் எழுதட்டும். கண்ணப்பா, ஞாயித்துக்கிழமை வடக்கே நீ கிளம்பு.”

உத்தரவுக் காகிதத்தோடு கண்ணப்பன் சைக்கிள் நிறுத்தத்துக்கு வந்தான். பின்னாலேயே ஜெபகுமார் வந்தான். அவன் முகத்தில் கோபமில்லை.

“வெளிய சொல்லாதபா. அதுல ஒண்ணு நான் வச்சது.”

“நீயா? உன்னோடதை நீயே ஏன்டா...”

“போவ மாட்டேன்னா வேலையை வுட்டுடுன்னாரு மேனேஜரு. வேற இன்னா வழி? ஆறு வருஷமா நான் வடக்கே கெடக்கறேன். உன் சைக்கிள் மணி கேட்டா ஷாரோன் ஓடறா. என்னைப் பாத்தா அவ அம்மா பின்னால ஒளிஞ்சிக்கிறா. உன்னைப் பாத்து எனக்கு எவ்ளோ வயித்தெரிச்சல் தெரியுமா? ஆனா ஒருவாட்டி வச்சது பத்துமோ பத்தாதோன்னு பயந்துகினே இருந்தேன். ரெண்டாவது எவன் வச்சானோ, நல்லா இருக்கட்டும்.”

ஜெபகுமார் கண்ணப்பனின் சைக்கிள் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான்.

“சாவியைக் குடு. திங்கக்கிழமையிலிருந்து உன் பொண்ணையும் நானே கூட்டினு போறேன்.”