விரல் படாத போன்கள்

கணினியின் கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளை வரியைத் தட்டிவிட்டு என் கணவர் நாற்காலியில் சாய்கிறார். வயரில் இணைத்து மேசைமேல் வரிசையாக நிறுத்திய ஆறு போன்களும் ஒன்றாக விழித்து, யார் விரலும் படாமல் பெயரையும் கடவுச்சொல்லையும் டக் டக்கென்று தாமே நிரப்பத் தொடங்குகின்றன. வெளிவராத செயலிகளைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. "ஏங்க, சாப்பிட வாங்க" என்கிறேன். "இது ஓடி முடியட்டும்மா. நடுவுல கூப்பிட்டா அதுங்களுக்கு உன்னவிட ரோஷம் வரும்" என்று சிரிக்கிறார். நான் அடுப்படிக்குத் திரும்புகிறேன். சுவருக்கு அப்பால் விசைகள் தட்டுப்படும் மெல்லிய சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அது கேட்கும்வரை அவர் வேலையாக இருக்கிறார் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனால் நான் மறுபடி கூப்பிடவில்லை. பரிமாறிய தட்டு ஆறிப்போகிறது.

உள்ளே போகும்போது அவர் தலை தோளில் சரிந்திருக்கிறது. போன்களில் பக்கங்கள் மாற மாற, அவர் கன்னத்தில் நீலமும் வெள்ளையுமாக வெளிச்சம் மாறுகிறது. கை சில்லிட்டிருக்கிறது. என் அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுப் பெண், "அக்கா, மொதல்ல அந்தச் சத்தத்த நிறுத்துங்கக்கா" என்று அழுகிறாள். நிறுத்துவதற்கான வரி எனக்குத் தெரியாது. வயரைப் பிடுங்கவோ கை வரவில்லை. ஆறு போன்களும் அடுத்த சோதனைக்குப் போகின்றன.