முதல் வரியிலேயே சொல்!

"என்னம்மா இது? சாலை நெரிசலைப் பத்திக் கட்டுரை கேட்டா, சக்கரம் கண்டுபிடிச்ச காலத்துலேருந்து ஆரம்பிச்சிருக்கே!"

பேராசிரியர் தாள்களை மேஜையில் போட்டார். மாணவி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டாவது பக்கம் முழுக்க மாட்டுவண்டி போகுது. மூணாவது பக்கத்துல என் புத்தகத்துக்குப் பாராட்டு. அதோட என் பொறுமை போச்சு, மூடி வெச்சுட்டேன். உன் கருத்துதான் எங்கே?"

"கடைசிப் பக்கத்துல இருக்கு சார். எங்க வீட்டுல எதையும் பட்டுன்னு சொல்லிப் பழக்கமில்லை. அதுவும் பெரியவங்ககிட்ட..."

"அதெல்லாம் வீட்டோட. ஆங்கிலத்துல கட்டுரை எழுதணும்னா முதல் வரியிலேயே போட்டு உடைக்கணும். வேற மொழியில வளர்ந்துட்டு இங்கே வர்ற எல்லாரும் இப்படித்தான் சுத்தி வளைக்கிறீங்க. இந்தப் பாடத்துல தேறணுமா, வேண்டாமா?"

"தேறணும் சார். ஆனா படிக்கிறவங்க மனசு புண்பட்டுச்சுன்னா?"

"ஆராய்ச்சியில மனசுக்கு என்னம்மா வேலை? எங்கே, இப்பவே சொல்லு பார்ப்போம். ஒரே வரி. உன் கருத்து என்ன?"

மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சாலையை அகலமாக்கினா நெரிசல் குறையும்னு உங்க புத்தகத்துல எழுதியிருக்கீங்களே, அது தப்பு சார்."

பேராசிரியர் தாள்களை மெல்ல எடுத்து, ஓரம் தட்டி அடுக்கி, அவளிடம் நீட்டினார்.

"அந்த மாட்டுவண்டி அப்படியே இருக்கட்டும்மா. மெதுவாவே போகட்டும்."