இசக்கியம்மாளின் வாக்கு

காலை ஷிப்ட் முடிந்து பேருந்தை நிறுத்தியபோது ஓட்டுநர் இசக்கியம்மாளின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது: 'ஊர்க் குளத்தைத் தூர்த்துப் பேருந்துப் பணிமனை கட்டும் தீர்மானத்துக்கு உங்கள் ஆதரவு வாக்கு பதிவாகிவிட்டது.' இப்போதெல்லாம் யாரும் வாக்குச்சாவடிக்குப் போவதில்லை. ஒவ்வொருவர் மனதையும் கணித்து அரசே வாக்களித்துவிடும்.

அவள் சீருடையோடு நேராக நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அலுவலர் ஜெபராஜ் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

“தப்பே இல்லம்மா. நீங்க பஸ் ஓட்டுறவங்க. டெப்போ வந்தா வீட்டுப் பக்கத்துலயே வேலை. உங்களுக்கு நல்லதுதானே?”

“எனக்கு நல்லதுதான் சார். ஊருக்கு நல்லதான்னு நான் இன்னும் யோசிக்கவே இல்லையே.”

“அந்தச் சிரமம் உங்களுக்கு எதுக்குன்னுதான் அரசாங்கமே...”

“அரசாங்கம் ரோடு போடட்டும், தண்ணி விடட்டும். யோசிக்கிறத எங்கிட்ட விட்டுருங்க. அந்த ஓட்ட ரத்து பண்ணுங்க.”

சட்டத்தில் அதற்கு இடமிருந்தது. இதுவரை யாரும் கேட்டதில்லை. ஜெபராஜ் தேடியெடுத்துக் கொடுத்த படிவத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு திட்ட வரைபடத்தை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்தாள். குளம் போய்விட்டால் மழைநீர் எங்கே போகும் என்று அதில் ஒரு கோடுகூட இல்லை. எழுந்து வந்து எதிர்த்து வாக்களித்தாள்.

அவள் போன பிறகு ஜெபராஜ் அதே வரைபடத்தை மேசையில் விரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு படிவத்தை எடுத்துத் தன் பெயரை எழுதத் தொடங்கினார்.