பாடிக்குப் போனவன்

"அவன் காலாண்ட பந்து வரட்டும் மாமே. அப்ப பத்த வெக்கிறேன் பாரு."

கோல் கம்பத்துக்குப் பின்னால் குந்தியிருந்த வினோத், மடியிலிருந்த துணிப்பையைத் தட்டிக் காட்டினான். உள்ளே அணுகுண்டு வெடிகள்.

"நாம எப்பவும் எதிர்க் கம்பத்தாண்டதான குந்துவோம்?" என்றான் தமிழரசு, தண்ணீர்க் குடத்தை மணலில் பதித்து வைத்தபடி. "நம்ம பசங்க கோல் போட்டா வெடி போடணுமே."

"இன்னிக்கி வெடி நம்ம பசங்களுக்கு இல்ல. அவனுக்கு. அவன் இந்தக் கம்பத்துலதான கோல் அடிக்கணும்? உதைக்கப் போறப்ப வெடிச்சா பந்து திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் போய் வுழும்."

மேனாம்பேடு மைதானத்தில் மேனாம்பேட்டுக்கும் பாடிக்கும் அரையிறுதி ஆட்டம். 'அவன்' என்றால் கிஷோர். போன பொங்கல் கோப்பையை மேனாம்பேட்டுக்கு அடித்துக் கொடுத்தவன். சித்திரை பிறப்பதற்குள் ஒரு வார்த்தை சொல்லாமல் பாடி அணிக்குப் போய்விட்டான்.

வினோத்தால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்தான், கம்பத்தை உதைத்தான், மறுபடி குந்தினான். தீப்பெட்டியைத் திறந்து பார்த்து மூடினான்.

"அங்க இன்னா கீது சொல்லு? காசும் கெடியாது. பார்க்க வர்றது நாலு பேரு. கோல் போட்டா கைதட்டுவானுங்க, அவ்ளோதான். ஒரு வெடி உண்டா, ஒரு மேளம் உண்டா? சுடுகாடு மாதிரி கீது அவனுங்க கிரவுண்டு. அதுக்கு நம்மள வுட்டுட்டுப் போவானா ஒருத்தன்?"

"அவனுக்கு இன்னா கஷ்டமோ."

"இன்னா கஷ்டம்? திமிரு. போன மாசம் பாடி மேம்பாலத்துக்குக் கீழ நின்னுகினு இருந்தான். பக்கத்துல பைக்க நிறுத்தி, மச்சான் மச்சான்னு கத்துறேன். திரும்பிக்கூடப் பார்க்கல. நானும் அவனும் ஒரே தட்டுல துன்னவங்கடா."

சொல்லிவிட்டு அவன் தரையில் துப்பினான்.

"பொங்கல் ஃபைனல்ல இன்னா செஞ்சேன் அவனுக்கு? இந்தக் கம்பத்துலயே சரத்தக் கட்டினேன். பந்து வலைல வுழுறதுக்குள்ள பத்த வெச்சேன். அவன் ஓடியாறான், சரம் வெடிக்குது, மூஞ்சி தெரியாத அளவுக்குப் புகை. அந்த மாதிரி வரவேற்பு எந்த மவனுக்காவது கெடச்சிருக்குமா?"

இரண்டு அணிகளும் மைதானத்துக்குள் வந்தன. கிஷோர் நெற்றியில் குங்குமம். அதற்கு மேலே, காதுகளையும் சேர்த்து இறுக்கிய அகலமான துணிப்பட்டை.

"பார்றா, தலைல பட்டி வேற. பாடித் தண்ணி குடிச்சா ஸ்டைலு வந்துடும் போல."

"காலைல நம்ம அம்மன் கோயில்ல பார்த்தேன்," என்றான் தமிழரசு. "கற்பூரம் ஏத்திகினு இருந்தான்."

"நம்ம தோக்கணும்னு வேண்டிகினு இருப்பான்."

"வேண்டுதல் அம்மனுக்கும் அவனுக்கும். நமக்கு இன்னா தெரியும்?"

கிஷோர் இவர்கள் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தினான். வினோத் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆட்டம் இழுபறியாகப் போனது. இடைவேளைக்குச் சற்று முன்னால் மேனாம்பேட்டுப் பையன் ஒருவன் பந்தைக் கையால் தடுத்துவிட்டான். விசில் ஒலித்தது. பாடிக்குப் பெனால்டி.

கிஷோர் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தான். வினோத் ஒரு வெடியை எடுத்துக் கம்பத்தடியில் ஊன்றினான்.

"வேணாம் மாமே," என்றான் தமிழரசு.

"கம்முனு இரு."

தீக்குச்சி பற்றிக்கொண்டது. அதைத் திரியருகே கொண்டுபோனபோது, பாடி அணியின் கேப்டன் அப்துல் ரசாக் ஓடி வந்து குறுக்கே நின்றான்.

"அண்ணாத்தே, கால்ல வுழுறேன், வெடி மட்டும் வேணாம். கல்லெடுத்து அடி, திட்டு, எது வேணா செய்."

"ஏன், உங்க ஊர்ல வெடியே பார்த்ததில்லியா?"

"எங்க கிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி கீது. வெடி போடக் கூடாது. அதுக்குத்தான் அவன் எங்களாண்ட வந்தான்." ரசாக்குக்கு மூச்சு வாங்கியது. "பொங்கல்ல காதாண்ட சரம் வெடிச்சி இடது காது சுத்தமா பூடுச்சு. இன்னொரு தடவை கிட்ட வெடிச்சா வலதும் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னிக்கி ஆடாதன்னு சொன்னேன். 'நான் கோல் போட்டா எங்க ஊர்ப் பசங்க எதுக்கு வெடி போடப் போறாங்க'ன்னு சிரிக்கிறான்."

தீக்குச்சி பாதி எரிந்திருந்தது.

"இத்த ஏன் எங்களாண்ட சொல்லல?" என்றான் வினோத்.

"சொன்னா வெடி வெச்சது யாருன்னு ஊரே தேடும், வெச்சவன் நிம்மதியா இருக்க மாட்டான்னு வாய மூடிக்கினான். யார்னு எங்களாண்டகூடச் சொல்லல. புகைல மூஞ்சி தெரியலன்றான்."

நெருப்பு விரலைச் சுட்டது. வினோத் அதை உதறவில்லை. தமிழரசு குடத்தைத் தூக்கி, வெடி மேலும் பை மேலும் அவன் கை மேலும் தண்ணீரைக் கொட்டினான்.

அன்றைக்கு அந்தப் புகைக்குள் ஓடி வந்த கிஷோர் முதலில் கட்டிப்பிடித்தது, கையில் தீப்பெட்டியோடு நின்ற வினோத்தைத்தான்.